முப்பத்து மூன்றரை டிகிரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு, நான் மழுப்பி, அது இன்னொரு பொய்யாகிவிட வேண்டாம்.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, இரண்டாவது பீரியட். நான் பி.யூ. காலேஜில், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இருபத்தோரு வருடமாகக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். அன்று போர்டில் ஐஸ் உருகும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். கோடு ஏறிக்கொண்டே வரும். பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டதும் படுத்துவிடும். கீழே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், வெப்பம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், தெர்மாமீட்டர் மட்டும் அசையாது. ஐஸ் முழுக்க உருகி முடித்த பிறகுதான் கோடு மறுபடி எழுந்திருக்கும்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். அவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது, ஆனால் சூடு ஏறவில்லை என்றால், அந்த வெப்பமெல்லாம் எங்கே மிஸ் போகிறது என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பதில் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மிஸ்ஸுக்கு பி.பி. என்று பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களோடு ஓடி வந்தார்கள். அன்று மாலை கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் காலிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன்.

என் பெயர் லூயிசா. நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. (இந்த விவரம் கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறை மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பத்தாயிரம் அடி ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். அங்கே இறங்கும் மனிதர்கள் தங்கள் உடம்பின் சூட்டை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்—

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர்க்காரர் யார் கதை எழுத உட்கார்ந்தாலும் நேரே சுரங்க ஷாஃப்ட்டுக்குள் இறங்கிவிடுகிறோம். ஒருமுறை ஆள் இறக்கும் கேஜ் கீழே போய்விட்டால் கதை மேலே வருவதில்லை. இது ஒரு குழந்தையின் கதை. அவள் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கு மேலாகவே சுரங்கம் மூடிக் கிடக்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

மனித உடலின் வெப்பநிலை முப்பத்தேழு டிகிரி. ஏறினால் வியர்க்கும், வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். இறங்கினால் உடல் நடுங்கிச் சூடு உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னை—

இது பாடம். என் தம்பி மனைவி வின்னி படித்தால் மூன்றாவது வரியில் தூங்கிவிடுவாள். ஆனால் இதிலுள்ள விஷயம் எல்லாம் பின்னால் வேண்டியிருக்கும் என்பதால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது:

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஏப்ரலில், ஒரு காலை ஐந்து நாற்பதுக்கு, என் தம்பி டக்ளஸுக்கும் அவன் மனைவி வின்னிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

3

ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த குழந்தை. அதற்கு முன் இரண்டு கலைந்து போயின. சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் டக்ளஸ் மைசூருக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் ஏ.சி. மெக்கானிக். பெங்களூருக்கு தினம் ரயிலில் போய் வருகிறவன். எப்போதாவது வெளியூர் வேலை வரும். அவன் போன மறுநாளே விடிகாலையில் வின்னிக்கு வலி கண்டுவிட்டது. நான்தான் ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன். குழந்தையின் இதயத்துடிப்பு திடீரென்று விழுந்தது. உடனே அறுத்து எடுத்தார்கள். யார்மேலும் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

எட்டு நிமிடம் கழித்துத்தான் அவள் தானாக மூச்சு விட்டாள். அந்த எட்டு நிமிடத்தைப் பற்றி நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். கதவு பச்சை நிறம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குழந்தைகள் டாக்டர் வெளியே வந்து சொன்னதை, நான் கெமிஸ்ட்ரி டீச்சர் என்பதால், ஒருமுறையிலேயே புரிந்துகொண்டேன். மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்திருக்கிறது. அடி பட்டாகிவிட்டது. ஆனால் இன்னொரு அடி பாக்கி இருக்கிறது. சில மணி நேரம் கழித்து, அடிபட்ட செல்களுக்குள் வேதிவினைகள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, பிழைத்திருக்கும் செல்களையும் கொல்லும். வினைகளை நிறுத்த முடியாது. மெதுவாக்கலாம். வெப்பநிலை இறங்கினால் வினையின் வேகம் இறங்கும். (பதினோராம் வகுப்பில் ஐந்து மார்க் கேள்வி.) அதனால் குழந்தையை முப்பத்து மூன்றரை டிகிரிக்குக் குளிரவைத்து எழுபத்திரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அந்த வசதி கோலாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. உடனே கிளம்புங்கள்.

வின்னி அசைய முடியாமல் படுத்திருந்தாள். குழந்தையை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் பார்த்தது ஈரத் தலைமுடியை மட்டும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போங்கக்கா."

4

இந்தப் பகுதிக்கு இரண்டு வடிவம் இருக்கிறது. முதல் வடிவத்தைத்தான் இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

அதில், ஏழரை மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்புகிறது. முனிரத்தினம் என்ற டிரைவர். கூட நர்ஸ் ஜெனிட்டா, இருபத்தைந்து வயதுப் பெண். நடுவில் ஒரு சின்னத் தொட்டிலில் குழந்தை, டயப்பர் மட்டும் கட்டி, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு. கிளம்பும்முன் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: போர்த்தக் கூடாது, வார்மர் போடக் கூடாது, போகிற வழியிலேயே தானாகக் கொஞ்சம் குளிரட்டும். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிறேன். எட்டு முப்பத்தைந்துக்குக் கோலார்.

இது நல்ல வடிவம். வாக்கியங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. நடந்தது வேறு.

பங்காருப்பேட்டை தாண்டியதும் அவளுடைய இடது காலைப் பார்த்தேன். கத்திரிப்பூ நிறமாக இருந்தது. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஆம்புலன்ஸில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே தோளில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றியது. நான் அந்தக் காலை என் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

ஜெனிட்டா பார்த்துவிட்டாள். "கைய எடுத்துடுங்க மேடம், ப்ளீஸ்" என்றாள். எடுத்துவிட்டேன். அவள் மானிட்டர் பக்கம் திரும்பினாள். நான் மறுபடி வைத்தேன். கோலார் வரை எடுக்கவில்லை.

வினைவேகம் பற்றி அப்போதே பத்தொன்பது வருடம் பாடம் எடுத்தவள். ஏன் தொடக் கூடாது என்பது அந்த வண்டியில் இருந்த யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.*

* உள்ளங்கையின் பரப்பு, அவள் எடை (இரண்டு கிலோ எண்ணூறு), இருபத்தைந்து நிமிடம். மறுநாள் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டேன். என் கையால் ஏறியிருக்கக் கூடியது ஒரு டிகிரியில் பத்தில் ஒன்று; மிஞ்சினால் இரண்டு. இன்னொரு நாள் வேறு மாதிரி போட்டபோது கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதற்குப் பிறகு போடவில்லை.

5

கோலாரில் போய் இறங்கியபோது அவளுடைய சூடு முப்பத்தைந்து புள்ளி ஒன்று. ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள்.

நான் பெரிய இயந்திரம் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். அது ஒரு மெத்தை. மெத்தைக்குள் தட்டையான பலகைகள் மாதிரி பிளாஸ்டிக் பைகள். அவற்றுக்குள் மெழுகு போல ஒரு பொருள். குழந்தையின் சூட்டை வாங்கி அது உருகும். உருகி முடிகிறவரை அதன் வெப்பநிலை ஏறாது. ஆகவே குழந்தை அதிகம் குளிரவும் செய்யாது, சூடாகவும் செய்யாது. ஒரு பை முழுக்க உருகிவிட்டால் அதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி கெட்டியாக்குவார்கள், இன்னொன்றைச் செருகுவார்கள். யூனிட்டில் இருந்த மமதா என்ற சிஸ்டர் கன்னடமும் தமிழும் கலந்து இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நான் போர்டில் போடும் அந்தப் படுக்கைக் கோட்டில் என் தம்பி மகள் படுத்திருந்தாள்.

மதியம் ஒரு மணிக்கு டக்ளஸ் மைசூரிலிருந்து வந்து சேர்ந்தான். டூல்ஸ் பை தோளிலேயே இருந்தது. கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தான். பிறகு மெத்தையைக் காட்டிக் கேட்டான், இதில் கம்ப்ரசர் எங்கே என்று. இல்லை என்றேன். அவன் நம்பவில்லை.

"குளுருன்னு ஒரு சாமானே கெடையாதுக்கா. சூட்டை ஒரு எடத்துல எடுத்து இன்னொரு எடத்துல கொட்றோம். பதினாறு வருஷமா அதான் என் பொழப்பு. இவ சூட்டை எங்க கொட்றாங்க, அத சொல்லு."

மெழுகு உருகுவதைச் சொன்னேன். அந்த வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகி அதற்குள்ளேயே இருக்கும் என்றேன். வகுப்பில் சொல்லும் அதே வார்த்தைகள்.

சாயங்காலம் மமதா சிஸ்டர் உருகிப்போன ஒரு பையை வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். யூனிட்டை ஒட்டிய சின்ன அறையில் ஃப்ரிட்ஜ் இருந்தது. டக்ளஸ் எழுந்து போய், நான் தூக்கிவருகிறேன் என்றான். அவர் யோசித்தார். பிறகு கொடுத்துவிட்டார். பத்தடி தூரம்கூட இருக்காது. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான்.

(இங்கே நான் கதை பண்ணுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் எழுதும்போது அப்படித்தான் தோன்றியது. அதனால் 'குழந்தையைத் தூக்குகிற மாதிரியே' என்பதை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் அதை வேறு எப்படிப் பிடித்தான் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.)

பையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அவன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"பின்னாடி சூடா வருதுக்கா," என்றான். "உள்ள வச்சதோட சூடெல்லாம் இந்த வழியாத்தான் வெளிய வரும். கை வச்சிப் பாரு."

நானும் கையை விட்டேன். இரண்டு பேரும் அந்தச் சந்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். மருந்துப் புட்டிகளின் சூடும், யாருடைய மதியச் சாப்பாட்டின் சூடும் அதில் கலந்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வகுப்பில் அந்தப் பெண் வெப்பம் எங்கே போகிறது என்று கேட்டபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தச் சந்துதான்.

6

இனி வின்னி. இவளை எழுதுவதில்தான் நான் தோற்றேன்.

முதல் பிரதியில் வின்னி மூன்று நாளும் அழுதுகொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். தலையணையைக் கட்டிக்கொண்டாள். போன மாதம் அந்தப் பக்கங்களை அவளிடமே கொடுத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, இது யார் அக்கா என்று கேட்டாள். நான் அழவே இல்லை, அழுதால் தையல் இழுக்கும், அதனால் அழக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றாள்.

ஆகவே அதை எடுத்துவிட்டேன். அவள் சொன்னதையும் நான் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

அவள் டக்ளஸை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நீ இங்கே வராதே என்று போனிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அம்மா இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் குடும்பம் அவளுக்குக் காபி கொடுத்தது. மணிக்கு ஒருமுறை டக்ளஸுக்கு போன் பண்ணுவாள். எடுத்ததும் "எவ்ளோ?" என்பாள். அவன் "முப்பத்து மூணரை" என்பான். வைத்துவிடுவாள். சில நேரம் "முப்பத்து மூணு ஆறு" என்று வரும். அப்போது அடுத்த போன் அரை மணியிலேயே வந்துவிடும். எழுபத்திரண்டு மணி நேரத்தில் புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான்.

நான் பஸ்ஸில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். இரண்டாம் நாள் காலை அவளுக்குக் கொஞ்சம் சீம்பால் வந்தது. கையால் பீய்ச்சி, ஒரு சின்ன மருந்துப் புட்டியில், நாலைந்து சொட்டு. அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். இப்போதைக்குப் பால் கொடுக்க மாட்டார்களாம் என்று சொன்னேன். தெரியும், நீங்க எடுத்துனு போங்க என்றாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலார் வரை நின்றுகொண்டே போனேன். இல்லை, நின்றால் எப்படி மடி. உட்கார்ந்துதான் போனேன். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். மமதா சிஸ்டர் பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டைத் தொட்டு குழந்தையின் உதட்டின் உள்பக்கம் தடவினார். குழந்தை ஒன்றும் செய்யவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். வின்னி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடுங்குறாளாக்கா?"

இல்லை என்றேன். உண்மைதான். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது என்பதையும், நடுங்காமலே உள்ளுக்குள் கொழுப்பை எரித்துக் குளிரோடு போராடும் என்பதையும், அந்தப் போராட்டத்தை அடக்கத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றொன்று. மார்பு கல்லாகிவிட்டது. நர்ஸ் ஈரத்துணி போட வந்தபோது வேண்டாம் என்று தடுத்தாள். நான் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"அங்க அவ சூட்டை எடுக்குறாங்க," என்றாள். "இங்க என் சூட்டை எடுக்க வர்றாங்க. எடுத்து இன்னாத்துக்கு? யாருக்கும் குடுக்க முடியாது."

பிறகு துணியைப் போட விட்டாள்.

7

நான்காம் நாள் ஒன்பது மணிக்கு எழுபத்திரண்டு முடிந்தது. சூட்டை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், மணிக்கு அரை டிகிரி. வேகமாக ஏற்றினால் வலிப்பு வரலாம். வின்னி அன்று காலைதான் டிஸ்சார்ஜ் ஆனாள். டாக்சியில், வயிற்றின்மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது முப்பத்து நான்கரை.

டக்ளஸ் நாலு நாள் தாடியோடு வாசலில் நின்றிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை. அவன் அவள் செருப்பைக் கழற்றிவிட்டான், அவளால் குனிய முடியாது என்பதால். அவள் உள்ளே போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முப்பத்தாறரை ஆகட்டும், கையில் தருகிறோம் என்றார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு மணி நேரம் கழித்து எதையும் தொடாமலே மறுபடி கழுவினாள். மானிட்டரில் எண் மாறும்போதெல்லாம் அவள் உதடு அதைச் சொல்லிக்கொண்டது. முப்பத்தைந்து மூன்று. முப்பத்தைந்து நான்கு.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். தாய் மட்டும்.

(இங்கே ஒரு பத்தி இருக்க வேண்டும். நீங்கள் இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருப்பீர்கள், நானும்தான். ஆனால் திரை போட்டுவிட்டார்கள். டக்ளஸிடம் கேட்டால், சேலை நுனி மட்டும் தெரிந்தது என்கிறான். வின்னியிடம் கேட்டால் சிரிக்கிறாள். ஏழு வரி எழுதிப் பார்த்தேன். ஏழும் காலண்டர் படம் மாதிரி இருந்தன.)

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மறைக்கவில்லை.

8

பிள்ளைக்கு அமலா என்று பெயர் வைத்தோம். இந்த ஏப்ரலோடு இரண்டு வயது. பதினோரு மாதத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், விட்டுவிட்டு நடப்பதில்லை. நான்கு வார்த்தை சொல்கிறாள், அதில் ஒன்று கன்னடம். வலது கையை அதிகமாக மூடியே வைத்திருக்கிறாள். டாக்டர்கள் இரண்டு வயதில் முழுச் சோதனை செய்துதான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அந்தச் சோதனை.

அவள் சுவரைப் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் கைக்கணக்கு திரும்ப வரும். அந்தப் பத்தில் ஒன்றுதானோ. அந்த இரண்டோ. இரண்டாம் நாளே மமதா சிஸ்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், வழியில் யாராவது கொஞ்சம் தொட்டிருந்தால் ஏதாவது ஆகுமா என்று. அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம், ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டோமே என்றார். அது ஒரு சிஸ்டர் ஒரு அத்தைக்குச் சொல்லும் பதில். நான் வின்னியிடமும் டக்ளஸிடமும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கதை. கதை என்றால் இன்னொருத்தி செய்த மாதிரி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். 'அத்தை' என்று ஒரு பாத்திரம்; பெயர்கூட வைத்திருந்தேன். அவளை என்னால் நம்ப முடியவில்லை. நர்ஸ் சொன்னதும் அவள் கையை எடுத்துவிட்டாள், மறுபடி வைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் நான்காம் பகுதியின் இரண்டாவது வடிவத்தை வின்னியிடம் கொடுத்தேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். ஒரு பக்கம்தான். ரொம்ப நேரம் படித்தாள். நான் கதவருகே நின்றேன். அவள் எழுந்து என்னை வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "எந்தக் காலு?"

"இடது."

"ஜில்லுனு இருந்ததா?"

"மொதல்ல ஜில்லுனு இருந்துச்சி. தண்ணியில போட்ட வெண்டைக்கா மாதிரி. அப்புறம் என் கை சூட்டுக்கு வந்துடுச்சி."

"வெரலு?"

"மடக்கி வச்சிகினு இருந்தா. கோலார் வர்ற சமயத்துல ஒருவாட்டி விரிச்சா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதியிருந்த பக்கத்திலும் இல்லை. வின்னி காகிதத்தை மடித்தாள். இன்னும் மடித்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நாலு நாளு என் புள்ளய கிளவுஸ் போடாத கையி ஒண்ணுகூட தொடலன்னு நெனச்சிகினு இருந்தேங்க்கா," என்றாள். "ரெண்டு வருசமா அதையேதான் நெனச்சிகினு கீறேன்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவள். அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அவள் என் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். எந்தக் கை என்று கேட்கவில்லை. அந்தக் காலை மூடியிருந்தது வலது கை. நான் திருத்தவில்லை.

9

செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருந்து, அவர்கள் சொல்வதை எழுதிக் கதையை முடிப்பதாகத்தான் இருந்தேன். இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரிக்கிறார், இன்னொன்றில் பேனாவை மூடாமல் பேசுகிறார். வின்னிக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். இரண்டும் வேண்டாம் என்றாள். அதற்கு முன்னாடியே முடித்துவிடுங்கள் அக்கா என்றாள். ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் அது அமலாவுடைய ரிப்போர்ட். உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் அதில் தேடிப் படிக்கக் கூடாது என்றாள்.

டக்ளஸிடம் அவளே சொல்லிக்கொள்கிறாளாம்.

ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை மதியமே நிறுத்துகிறேன். செவ்வாய்க்கிழமை என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் யோசித்தால் நான் தடுக்க முடியாது. யோசியுங்கள். அமலாவை உங்கள் விருப்பத்துக்கு ஓட வைக்கவும் வேண்டாம், எனக்குத் தண்டனையாக உட்கார வைக்கவும் வேண்டாம். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் என் காலடியில் தரையில் உட்கார்ந்து, வெங்காயக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருக்கிறாள். இடது கையால்தான் எடுக்கிறாள். ஒரு பெரிய வெங்காயம் ஒரு கையில் அடங்கவில்லை. கூடைக்குள்ளேயே குனிந்து பார்க்கிறாள். வலது கையை இன்னும் மூடியே வைத்திருக்கிறாள், அதையும் கூடைக்குள் கொண்டுபோகிறாள்,